போடிமெட்டு டீக்கடை டென்சிங்: முகம் ஏன் இவ்வளவு கிழடு?

2 பிப்ரவரி 2025: வாசகர் ஒருவரின் கேள்வி

போன வாரம் மூணாறிலிருந்து தேனிக்கு இறங்கும்போது போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு பென்சில் படம். கீழே "டென்சிங்" என்று எழுதியிருக்கிறது. பனிக்கோடாரியைத் தூக்கிப் பிடித்தபடி எவரெஸ்ட் உச்சியில் நிற்கும் அதே நிலை. ஆனால் முகம் தாத்தா முகம். 1953ல் ஏறியபோது டென்சிங்குக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. முகமூடியும் இல்லை, கையுறையும் இல்லை. நிழல் போட்ட கை நல்ல கை, ஆனால் ஆள் தப்பு என்பது என் கருத்து. வரைந்தது யார் என்று யாருக்காவது தெரியுமா?

2 பிப்ரவரி, இரவு

வரைந்தவர் என் பெரியப்பா. மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கவாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிக் கழிப்பவர். 2009ல் தவறிவிட்டார். அந்தக் கடை அவருடைய மூத்த மருமகனுடையது, எனக்கு அத்தான் முறை.

ஆள் தப்பு இல்லை, டென்சிங்தான். சுருக்கங்கள், லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பெரியப்பா தினமும் பார்த்த முகங்களிலிருந்து வந்தவை. வெயிலும் குளிரும் மாறி மாறி அடித்த மலைக்காட்டு முகம் முப்பது வயதிலேயே அப்படி ஆகிவிடும். நாளை விரிவாக எழுதுகிறேன். திருத்த வேண்டிய ஓவிய நோட்டுகள் மேசையில் குவிந்து கிடக்கின்றன.

3 பிப்ரவரி

சரி, முதலில் அந்த உச்சிப் படத்தைப் பற்றி. 1953 மே 29 காலை 11.30 மணிக்கு டென்சிங்கும் எட்மண்ட் ஹிலாரியும் உச்சியை அடைந்தார்கள். அங்கே இருந்தது ஏறத்தாழ கால் மணி நேரம். ஹிலாரி படம் எடுத்தார். ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை, இருப்பது டென்சிங் நிற்கும் படம்தான்.

அந்தப் படத்திலும் டென்சிங்கின் முகம் இல்லை! கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடிய ஆக்சிஜன் முகமூடி, தலையைச் சுற்றி முக்காடு. நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள். இருபது வருடமாக இந்தப் படம் என்னை உறுத்துகிறது. உலகமே ஒருவரைத் தெரிந்துகொண்டது ஒரு படத்தால், அந்தப் படத்தில் அவர் முகம் தெரியவில்லை. அதைப் பார்த்து அப்படியே வரைந்தால் சட்டையையும் பூட்ஸையும்தான் வரைய முடியும்.

பெரியப்பா முகமூடியைக் கழற்றிவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். கேள்வி கேட்டவர் தப்பு என்று சொன்ன இடம்தான் அந்தப் படத்தின் உயிர்.

இன்னொன்றையும் பாருங்கள். பனியை அவர் வரையவே இல்லை. வெறும் தாள்தான் பனி. பூட்ஸின் விளிம்பிலும் தூரத்து முகட்டிலும் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். தாடைக்குக் கீழே கவனியுங்கள். வழக்கமாக அங்கே இருட்டாக நிழல் விழும். இதில் தாடையின் அடிப்பக்கமும் மூக்கின் அடிப்பக்கமும் வெளுத்திருக்கின்றன. தரை முழுக்க வெள்ளையாக இருக்கும்போது வெளிச்சம் கீழிருந்து மேலே அடிக்கும். படித்த ஓவியர்களே கோட்டைவிடும் இடம் அது. மாணவர்களிடம் பனிமலையில் நிற்கும் ஆளை வரையச் சொன்னால் பத்துக்கு ஒன்பது பேர் தாடைக்குக் கீழே கறுப்பைக் குழைத்து அப்புவார்கள்.

ஜனவரியில் மூணாற்றில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். விடியும்போது புல்வெளி முழுக்க உப்பு தூவின மாதிரி இருக்கும், வெயில் ஏறினால் போய்விடும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகிற வழியில் அந்த வெளிச்சத்தில் ஆட்களின் முகத்தைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். தமிழில் நமக்குப் பனித்துளியும் பனிமூட்டமும் உறைபனியும் எவரெஸ்ட் பனியும் எல்லாம் பனிதான். அவருக்கு அந்த ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

3 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதில் கடைசிப் பத்தியை யோசித்துப் பார்த்தேன். பார்த்து வரைந்த புகைப்படத்திலேயே அந்த அடிவெளிச்சம் இருந்திருக்கலாம். அதை அவர் நம்பி வரைந்தார் என்பது வரைக்கும் சொல்கிறேன். கண் பார்த்ததைக் கை நம்புவது சுலபமில்லை. கை எப்போதும் பழக்கத்துக்கே ஓடும்.

4 பிப்ரவரி

கொடிகள் பற்றிக் கேட்டவருக்கு: உச்சியில் பனிக்கோடாரியில் கட்டியிருந்தவை நான்கு. ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா. பெரியப்பா நான்கையும் குறி எதுவும் இல்லாத வெறும் துணியாக விட்டிருக்கிறார். இதில் அரசியல் தேட வேண்டாம். நாளிதழ் அச்சில் வெறும் புள்ளிகளாகத் தெரிந்ததை அவர் புள்ளியாகவே விட்டார். தெரியாததை ஊகித்து வரையக் கூடாது என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். அப்போது எனக்கு ஏழு வயது, யானைக்கு எத்தனை நகம் என்று தெரியாமல் நகம் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் கால் வைத்தது ஹிலாரியா டென்சிங்கா என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். 1955ல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங்கே சொல்லிவிட்டார்: ஹிலாரி முதலில், தான் அடுத்து. இருவரும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தவர்கள்.

6 பிப்ரவரி

மஃப்ளர். இதை எழுதாமல் விட்டுவிட்டேன். படத்தில் டென்சிங் கழுத்தில் ஒரு துணி சுற்றியிருக்கிறது. எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். மூணாற்றில் ஆண்கள் யாரும் குல்லாவும் மஃப்ளரும் இல்லாமல் காலையில் வெளியே தலைகாட்ட மாட்டார்கள், எவரெஸ்ட்டுக்குப் போனாலும் பெரியப்பா மஃப்ளர் மாட்டித்தான் அனுப்புவார் என்று அம்மா சொல்லும்.

6 பிப்ரவரி, மாலை

மலையேற்றம் தெரிந்த ஒரு வாசகர் திருத்தினார், அவருக்கு நன்றி. டென்சிங் அன்றைக்கு உண்மையிலேயே கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தாராம். சுவிட்சர்லாந்துக்காரர் ரேமண்ட் லாம்பெர்ட் கொடுத்தது. முந்தைய வருடம், 1952 மே மாதம், இருவரும் ஏறத்தாழ 8,595 மீட்டர் வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். இன்னும் 250 மீட்டர்தான் பாக்கி. லாம்பெர்ட்டுக்கு அடுத்த வருடம் வர முடியவில்லை, துணி போனது.

இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இத்தனை வருடம் சிரித்திருக்கிறோம். பெரியப்பாவுக்கு லாம்பெர்ட் கதை தெரிந்திருக்க வழியில்லை. துணியில் சின்னச் சின்னக் கட்டம் போட்டிருக்கிறது, அது போடிச் சந்தையில் வாங்கின துண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் குளிரில் ஒரு ஆளுக்குக் கழுத்தில் துணி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்று போடியிலிருந்து பஸ் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் சுற்றி மேலே போய், படத்தை இறக்கி அத்தான் கண்முன்னாலேயே சட்டத்தைப் பிரித்துவிட்டேன். இந்த இழை இல்லாவிட்டால் செய்திருக்க மாட்டேன். கடையை ஒரு மணி நேரம் பையனிடம் விட்டுவிட்டு அத்தான் டார்ச் பிடித்தார்.

முதலில் வருத்தம். எஸ்டேட் விட்டு இறங்கிய காலத்தில் கீழே ஒரு கடையில் சட்டம் போடக் கொடுத்தார்கள். அவர்கள் படத்தை ஹார்ட்போர்டில் மைதாப் பசை தடவி முழுசாக ஒட்டியிருக்கிறார்கள். பென்சில் படத்துக்கு இதைவிடப் பெரிய கொடுமை கிடையாது. பசைக்கு ராமபாணப் பூச்சி வந்து கீழ் வலது மூலையைத் தின்றிருக்கிறது. பெயரின் கடைசி எழுத்தின் வால் போய்விட்டது. கண்ணாடி நேராகத் தாளில் பட்டுக் கிடந்ததால் ஈரம் உள்ளேயே நின்று, வானம் இருக்கிற பகுதியில் பழுப்புப் புள்ளிகள். மூணாற்றிலும் போடிமெட்டிலும் ஆனி ஆடியில் சுவரே வேர்க்கும், தாள் என்ன செய்யும்.

இப்போது நல்ல சேதி. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கட்டங்கள் தெரிகின்றன. கோட்டை அழித்துவிட்டார், பென்சில் அழுத்திய பள்ளம் போகவில்லை. இரண்டு அங்குலத்துக்கு ஒன்று என்று முழுத் தாளுக்கும். சினிமா பேனர் எழுதுகிறவர்கள் செய்கிற அதே வேலை. சின்னப் படத்தில் கட்டம், பெரிய தாளில் கட்டம், கட்டத்துக்குக் கட்டம் மாற்றுவது.

பென்சில் எச்பி மட்டும்தான். 6பி, 8பி மாதிரி மென்மையான, கறுப்புக் கூடிய பென்சில் எதுவும் இல்லை. பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். களிமண் கூடினால் கெட்டி, குறைந்தால் மென்மை, கறுப்பு. எச்பி நடுவாந்தரம். அதை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் ஆழமான கறுப்பு வராது, தாள் மினுங்கத்தான் செய்யும். ஆனால் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி மட்டும் அட்டைக் கறுப்பாக இருக்கிறது, டார்ச் எந்தப் பக்கம் பிடித்தாலும் மினுங்கவில்லை. அது பென்சில் இல்லை, கரி. அடுப்பில் எரிந்த கவாத்து மிலாறு, அதாவது கவாத்தில் வெட்டிப் போட்ட குச்சி. தேயிலைக் குச்சி மெலிசாக, கணு நெருக்கமாக இருக்கும், மூடி வைத்து எரித்தால் அருமையான கரி கிடைக்கும். கிராஃபைட்டுக்கு மேல் கரி சரியாகப் பிடிக்காது, வழுக்கும். அதனால்தான் இடது கண்ணாடியில் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. ஒருதடவை தப்பு செய்து கற்றிருக்கிறார்: வலது கண்ணாடிக்கு அடியில் பென்சில் நிழலே இல்லை, நேராகத் தாளில் கரி.

9 பிப்ரவரி, இரவு

2ஆம் தேதி எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சுருக்கங்கள் லயத்து முகங்களிலிருந்து வரவில்லை.

இறங்கி வரும்போது போடியில் பெரியம்மாவைப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், அப்படி இறங்கி வந்ததிலிருந்து பெரியம்மா போடியில்தான். "அந்தப் படத்தை எப்ப வரைஞ்சாரு?" என்று கேட்டேன். "அந்த ஆளு செத்த வருஷம்" என்றது பெரியம்மா. எந்த ஆள்? "அதான், படத்துல இருக்கிற ஆளு."

டென்சிங் இறந்தது 1986 மே 9. வயது 71.

டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கல்யாணப் பத்திரிகைகள், பிஎஃப் காகிதங்கள், அதற்கடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே இரண்டு நாளிதழ்த் துண்டு. ஒன்று 1953 உச்சிப் படம், முழுக்கச் சிவப்புப் பேனாவில் கட்டம். இன்னொன்று வயதான டென்சிங்கின் முகம், அதிலும் சிவப்புக் கட்டம். சிரிக்கிறார். கண்ணோரத்தில் விசிறி மாதிரி சுருக்கம். கட்டத்தைக் கணக்குப் பார்த்தேன். முகத் துண்டில் கட்டம் சின்னது. இரண்டு படத்தின் அளவும் வேறு வேறு, அதைச் சரிப்படுத்தி ஒரே உடம்பில் பொருத்தியிருக்கிறார்.

ஆக, கேள்வி கேட்ட வாசகரே, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்தது. 39 வயது உடம்பில் 71 வயது முகம். நான்தான் அவசரப்பட்டு மறுத்தேன்.

10 பிப்ரவரி

தூக்கம் வரவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஆளை ஏன் வரைந்தார் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். சேதி வந்த அன்றைக்குப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாராம். "சுமை தூக்குன ஆளு அங்க போய் நின்னுருக்கான்" என்றாராம். பெரியம்மா யாரோ சொந்தக்காரர் என்று நினைத்து, "எந்த ஊரு, எப்படிச் செத்தாரு, போகணுமா?" என்று கேட்டதாம்.

1935ல் டென்சிங் முதன்முதலில் எவரெஸ்ட்டுக்குப் போனது சுமைதூக்கியாகத்தான், எரிக் ஷிப்டனின் குழுவில். அப்போது இருபதை ஒட்டிய வயது. அதற்குப் பிறகு திரும்பத் திரும்பப் போய், ஏழாவது முறையில்தான் உச்சி. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பல மொழி பேசுவார். 1954ல் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது களப்பயிற்சி இயக்குநராக அமர்ந்தார். சுமை தூக்கியவர் சொல்லிக்கொடுக்கிறவர் ஆனார். அந்தச் சேதியில் இதில் எவ்வளவு இருந்ததோ, சுமை என்ற ஒரு சொல் பெரியப்பாவுக்குப் போதும். எங்கள் பாட்டி கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து எடைபோடும் இடத்துக்கு நடந்தவள். உச்சந்தலையில் முடி நைந்து, தொட்டால் வழுவழு என்று ஒரு இடம் இருக்கும். பிள்ளைகள் நாங்கள் அதைத் தடவிப் பார்ப்போம்.

முகமூடியை அவர் ஏன் கழற்றினார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. உச்சியில் எடுத்த படத்தில் முகம் மறைந்துபோனது அவருக்குப் பொறுக்கவில்லை. சாவுச் சேதியில் வந்த முகத்தை எடுத்து அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

11 பிப்ரவரி

வெறுங்கை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி, இது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த உயரத்தில் வெறுங்கையால் இரும்பைத் தொடக் கூடாது. மே 29 காலை கூடாரத்தில் ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்திருந்தது, ஸ்டவ்வில் காட்டி இளக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. மேலே சொன்ன லாம்பெர்ட், கடுங்குளிரில் சதை உறைந்து செத்துப்போகும் உறைகடியில் கால் விரல்கள் எல்லாவற்றையும் முன்பே இழந்தவர், அந்தக் காலோடுதான் 1952ல் அவ்வளவு தூரம் ஏறினார். புகைப்படத்தில் டென்சிங் கையுறை போட்டிருக்கிறார். பெரியப்பா கையை மட்டும் புகைப்படத்தைப் பார்த்து வரையவில்லை.

பிடியும் வேறு. பனிக்கோடாரிப் பிடி இல்லை அது. நான்கு விரலும் இறுகி, கட்டை விரல் மேலே ஏறி அழுத்துகிறது. கவாத்துக் கத்தியை அப்படித்தான் பிடிப்பார்கள். மணிக்கட்டைச் சுழற்றி ஒரே வெட்டில் கிளையை எடுக்க வேண்டும், இரண்டாம் வெட்டு விழுந்தால் வெட்டுவாய் பிளந்து கிளை பட்டுப்போகலாம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஒரு வாரமாகப் படம் என்னிடம் இருக்கிறது. லென்ஸ் வைத்து அந்தக் கையைப் பார்த்தேன். மொத்தப் படத்தில் மிக நெருக்கமாகக் கோடு விழுந்த இடம் அதுதான். முகத்தில்கூட அவ்வளவு பொறுமை இல்லை. முகத்தில் அச்சுப் புள்ளிகளைக் கடக்க முடியாமல் சில இடத்தில் விரலால் தேய்த்து மழுப்பியிருக்கிறார். கையில் எதையும் மழுப்பவில்லை. மூட்டின் மடிப்பு ஒவ்வொன்றும் தனி. நகக்கண்ணில் தேயிலைக்கறை. கட்டை விரல் நகத்தில் நடுவிலிருந்து நுனிவரை ஒரு பிளவு, அதன் இரண்டு பக்கமும் நகம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வளர்ந்திருக்கிறது. உயிருள்ள கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அதை வரைய முடியாது.

கைபேசியில் படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு அக்கா மூலம் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். "அம்மா பேசணுங்குது." பெரியம்மா, "அது அவரு இடது கை. நீ பொறக்கறதுக்கு முன்னாடி கத்தி பாஞ்சுது" என்றது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வலது கையால் வரைந்துகொண்டு இடது கையில் கத்தியைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாராம். பல ராத்திரி. கை நடுங்கும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்ற வைப்பாராம்.

இத்தனை வருடம் அந்தப் படம் வீட்டிலும் கடையிலும் தொங்கியது. பெரியம்மா கண்ணுக்கு அது டென்சிங் படமாகவே இருந்திருக்கிறது, அதிலும் உயரத்தில், கல்லாவுக்கு மேலே. எனக்கும் அப்படித்தான். நான் ஓவியம் படித்தவள், என் பெரியப்பாவின் கை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

20 பிப்ரவரி

பழுதுபார்ப்பது பற்றி யோசனை சொன்ன அனைவருக்கும்: ஹார்ட்போர்டிலிருந்து பிரிக்கப் போவதில்லை. பசையை இளக்க ஈரம் கொடுக்க வேண்டும், அதற்குத் தேர்ந்த கை வேண்டும், எனக்குத் துணிச்சல் இல்லை. பூச்சி எச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். ஸ்பிரே அடித்தால் கரி உதிராது என்கிறீர்கள், அது சரிதான், ஆனால் பென்சில் நிழலின் சாயல் மாறிவிடும் என்று பயமாக இருக்கிறது. இப்போதைக்கு வேண்டாம். நான்கு பக்கமும் தடித்த அட்டை வைத்து, கண்ணாடி தாளில் படாமல் இடைவெளி விடச் சொல்லியிருக்கிறேன். பாய்லரின் ஆவி போகாத எதிர்ச் சுவரில் ஆணி அடிக்க அத்தான் ஒப்புக்கொண்டார். பெயரின் தின்றுபோன எழுத்தைத் திருத்தி எழுதலாமே என்றார் ஒருவர். எழுத மாட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

சட்டம் போடக் கொடுப்பதற்கு முன்னால் படத்தைப் போடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா கூடத்துத் தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டது. முகத்தைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு அந்தக் கட்டை விரலைத் தொட்டது, நகத்துப் பிளவின் மேலே, மெதுவாக, இரண்டு தடவை. கிராஃபைட் ஒட்டும், கலைந்துவிடும் என்று மாணவர்களிடம் தினமும் கத்துகிறவள் நான். வாய் வரவில்லை.

நகத்துக்குப் பக்கத்தில் இப்போது லேசாக ஒரு இழுவை இருக்கிறது, சாம்பல் நிறத்தில், அரை அங்குலம். சட்டம் போடுகிறவர் ரப்பர் எடுத்தார். தொட வேண்டாம் என்றேன்.